புது ஓஎஸ் வந்துருச்சு, உடனே போடலாமா பொறுக்கலாமா?

கேள்வி இதுதான்: புது ஓஎஸ் (விண்டோஸ், மேக் மாதிரி மெஷினை ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேர்) ரிலீஸ் ஆயிடுச்சு, செட்டிங்ஸ்ல போனா "டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால்"னு காட்டுது, அமுக்கலாமா இல்ல கொஞ்ச நாள் பொறுக்கணுமா, அமுக்குனா இருக்குறது மேலயே போட்டுக்கலாமா இல்ல ஃபார்மேட் பண்ணிட்டு முதல்ல இருந்து போடணுமா, ஃபைல் எதுவும் போயிடாதே? இதை யார்கிட்ட கேட்டாலும் ரெண்டு பதில்ல ஒண்ணுதான் வரும். ஒருத்தர் "நான் முத நாளே போட்டேன், சும்மா பறக்குது"ம்பார். இன்னொருத்தர் "ஆறு மாசம் அது பக்கமே போகாதீங்க"ம்பார். ரெண்டு பேரும் பொய் சொல்லல, அவங்கவங்க மெஷின்ல நடந்ததை சொல்றாங்க, உங்க மெஷின்ல என்ன நடக்கும்னு அவங்களுக்கு எப்படி தெரியும்.

என்னைக் கேட்டா, புதுசு என்னைக்கு வந்துச்சுங்கறத பாத்து முடிவு எடுக்காதீங்க, இப்ப கைல இருக்க பழசுக்கு என்னைக்கு சப்போர்ட் முடியுதுங்கறத பாத்து எடுங்க. விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபர் 5. விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சது 2025 அக்டோபர் 14. நடுவுல முழுசா நாலு வருஷம். முத நாள் தாவுனவரும் சரி, மூணாவது வருஷம் தாவுனவரும் சரி, ரெண்டு பேருக்கும் மாசாமாசம் செக்யூரிட்டி பேட்ச் (ஓட்டையை அடைக்கிற சின்ன அப்டேட்) வந்துகிட்டுதான் இருந்துச்சு. அப்ப முத நாள் தாவுனவருக்கு கூடுதலா என்ன கெடச்சுதுன்னு பாத்தா, டாஸ்க்பார் நடுவுக்கு வந்துச்சு, ஓரமெல்லாம் வளைஞ்சுச்சு, அதோட சில தலைவலியும் கெடச்சுது. ஒரு ஃபைலை இழுத்துட்டு போய் டாஸ்க்பார் ஐகான் மேல வைக்கிறது, வருஷக்கணக்கா கை பழகிப்போன விஷயம், அது முத வெர்ஷன்ல இல்லவே இல்ல, அடுத்த வருஷம் 22எச்2-ங்கற பெரிய அப்டேட்ல தான் திரும்ப வந்துச்சு. டாஸ்க்பார்ல ஒவ்வொரு விண்டோவையும் தனித்தனியா பேரோட காட்டுற ஆப்ஷன் 2023-ல தான் வந்துச்சு. ஏஎம்டி ரைசன் சிபியு வச்சிருந்தவங்களுக்கு எல்3 கேஷ் (சிபியுக்குள்ளயே இருக்க வேகமான மெமரி) பிரச்சனையால சில கேம்ல 10-லேர்ந்து 15 சதவீதம் வரைக்கும் வேகம் குறையலாம்னு ஏஎம்டியே சொல்லுச்சு, அதே மாசக் கடைசிக்குள்ள ஃபிக்ஸும் வந்துருச்சு. ரெண்டு வாரம் கழிச்சு போட்டவங்களுக்கு அப்படி ஒரு பிரச்சனை இருந்ததே தெரியாது. பொறுக்குறதோட லாபம் அவ்வளவுதான், பெரிய தத்துவம் எல்லாம் இல்ல.

ஆனா இத படிச்சிட்டு "அப்ப நான் அப்டேட்டையே ஆஃப் பண்ணிடுறேன்"னு போயிடாதீங்க, இங்கதான் நெறைய பேர் குழப்பிக்கிறாங்க. அப்கிரேட் வேற, அப்டேட் வேற. புது ஓஎஸ்ஸுக்கு பொறுக்கலாம், மாசாமாசம் வர்ற செக்யூரிட்டி பேட்ச்சுக்கு பொறுக்கக் கூடாது. வானாக்ரைன்னு ஃபைலை பூட்டி வச்சு காசு கேட்ட வைரஸ் ஞாபகம் இருக்கா? 2017 மே 12 அன்னைக்கு ஆரம்பிச்சு 150 நாட்டுக்கு மேல பரவுச்சு, இங்கிலாந்துல ஆஸ்பத்திரிகள்ல அப்பாயின்ட்மென்ட் எல்லாம் ரத்து ஆச்சு. அது நுழைஞ்ச ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே பேட்ச் குடுத்தாச்சு, ரெண்டு மாசம் முன்னாடியே. அடி வாங்குனதுல பெரும்பாலானது விண்டோஸ் 7, அப்ப அது சப்போர்ட்ல இருந்த ஓஎஸ்தான், 2020 ஜனவரி 14 வரைக்கும் இருந்துச்சு. அதாவது அவங்க பழைய ஓஎஸ் வச்சிருந்ததால அடிபடல, பேட்ச் போடாததால அடிபட்டாங்க. எக்ஸ்பிக்கு சப்போர்ட் 2014-லயே முடிஞ்சும் அப்ப விதிவிலக்கா ஒரு பேட்ச் குடுத்தாங்க, அதுமாதிரி ஒவ்வொரு தடவையும் குடுப்பாங்கன்னு நம்பி உக்காந்திருக்க முடியாது.

சரி, பொறுக்கணும்னா எவ்ளோ நாள்? இதுக்கு ஓஎஸ் பண்றவங்களே ஒரு குறிப்பு குடுத்திருக்காங்க. உபுண்டுங்கற லினக்ஸ் ஓஎஸ்ல எல்டிஎஸ் (நீண்ட நாள் சப்போர்ட் வர்ற) வெர்ஷன்லேர்ந்து அடுத்த எல்டிஎஸ்ஸுக்கு போறதுக்கான அறிவிப்பு ரிலீஸ் அன்னைக்கே வராது, பாயின்ட் ஒன் (அதோட முதல் திருத்தப் பதிப்பு) வந்ததுக்கு அப்பறம்தான் வரும். 24.04 வந்தது 2024 ஏப்ரல் 25, 24.04.1 வந்தது ஆகஸ்ட் 29. நாலு மாசம் அவங்களே தள்ளி வைக்கிறாங்கன்னா அதுல அர்த்தம் இருக்குல்ல. விண்டோஸ்லயும் ஒரே நாள்ல எல்லாருக்கும் தள்ள மாட்டாங்க, அலை அலையாதான் விடுவாங்க, ஒரு குறிப்பிட்ட டிரைவரோ சாஃப்ட்வேரோ ஒத்துவரலைன்னு தெரிஞ்சா அது இருக்க மெஷினுக்கு மட்டும் அப்கிரேடை நிறுத்தி வைப்பாங்க, சேஃப்கார்டு ஹோல்டுன்னு பேரு. 24எச்2 வந்தப்ப ஒரு ஆடியோ டிரைவருக்கும், சில வால்பேப்பர் ஆப்புக்கும், சில கேமுக்கும் இப்படி நிறுத்தி வச்சாங்க. அதனால ஃப்ரெண்டுக்கு வந்துருச்சு எனக்கு வரலையேன்னு ஐஎஸ்ஓ (முழு இன்ஸ்டால் ஃபைல்) இறக்கி வலுக்கட்டாயமா போடாதீங்க, வராததுக்கே ஒரு காரணம் இருக்கலாம். நான் என்ன பண்ணுவேன்னா, சும்மா கிடக்குற ரெண்டாவது மெஷின் இருந்தா அதுல முத வாரமே போட்டு நோண்டுவேன், வேலை பாக்குற மெஷின்ல ரெண்டு மூணு மாசம் கழிச்சுதான். அதுவும் எந்த வேலையும் தலைக்கு மேல இல்லாத வாரமா பாத்து.

மேக்ல கணக்கு கொஞ்சம் வேற. ஆப்பிள் எந்த வெர்ஷனுக்கு எந்த தேதில சப்போர்ட் முடியும்னு முன்கூட்டியே சொல்றதில்ல, நடைமுறைல இப்ப இருக்குறதுக்கும் அதுக்கு முந்துன ரெண்டுக்கும் பேட்ச் வரும், ஆனா எல்லா ஓட்டையையும் அடைக்கிறது லேட்டஸ்ட் வெர்ஷன்ல மட்டும்தான்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. அதோட மேக்ல திரும்பி வர்றது லேசு இல்ல, விண்டோஸ் மாதிரி ஒரு பட்டன் கிடையாது, டிஸ்க்க அழிச்சிட்டு பழசை போட்டு டைம் மெஷின்லேர்ந்து (மேக்கோட பேக்கப் வசதி) எடுத்து வைக்கணும். 2019 அக்டோபர்ல கேட்டலினா வந்தப்ப 32 பிட் ஆப் எதுவுமே ஓடாதுன்னு ஆச்சு, காசு குடுத்து வாங்கி பல வருஷம் யூஸ் பண்ண சாஃப்ட்வேர் மேல ஒரு கோடு போட்டு நின்னுச்சு, பாத்துட்டு தலைல கைய வச்சவங்க நெறைய பேர். அதுக்கு முன்னாடி வெர்ஷன்லயே "இது அடுத்ததுல ஓடாது"ன்னு எச்சரிக்கை வந்துகிட்டேதான் இருந்துச்சு, யாரு படிச்சா. இன்டெல் சிப் இருக்க மேக் வச்சிருக்கவங்க இன்னொன்னும் கவனிக்கணும், 2025 செப்டம்பர்ல வந்த டாஹோ தான் இன்டெல்லுக்கு கடைசி வெர்ஷன்.

இப்ப உங்க மெஷின் தாங்குமான்னு பாக்கணும். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ்னு எழுதியிருப்பாங்க, அதெல்லாம் பூட் ஆகுறதுக்கான அளவு, வேலை பாக்குறதுக்கு இல்ல. 8 ஜிபி இல்லாம போடாதீங்க. நெறைய பேர் தடுக்கி விழறது டிபிஎம் 2.0-லயும் (பாதுகாப்புக்கான ஒரு சிப்) சிபியு லிஸ்ட்லயும்தான், பொதுவா இன்டெல்னா 8-வது தலைமுறைலேர்ந்து, ஏஎம்டின்னா ரைசன் 2000 வரிசைலேர்ந்து ஏத்துக்கும். பிசி ஹெல்த் செக்னு மைக்ரோசாஃப்ட்டோட ஆப் இருக்கு, அதை ஓட்டுனா தெரிஞ்சிடும். "டிபிஎம் இல்ல"ன்னு வந்தா உடனே மனசு உடைஞ்சுடாதீங்க, பாதி மெஷின்ல அது இருக்கும் ஆனா பயாஸ்ல (மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற செட்டப்) ஆஃப்ல கிடக்கும், இன்டெல்ல பிடிடின்னும் ஏஎம்டில எஃப்டிபிஎம்னும் பேர் போட்டிருப்பாங்க, அதை ஆன் பண்ணா போதும். ஆனா அங்க உள்ள போயிட்டு பூட் முறையை லெகசிலேர்ந்து (பழசு) யூஇஎஃப்ஐக்கு (புதுசு) மட்டும் சும்மா மாத்திடாதீங்க, டிஸ்க் எம்பிஆர்ங்கற பழைய பகுப்பு முறைல இருந்தா அடுத்த தடவை பூட்டே ஆகாது. முதல்ல எம்பிஆர்லேர்ந்து ஜிபிடிங்கற புது முறைக்கு மாத்தணும், அதுக்கு விண்டோஸ்லயே எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு டூல் இருக்கு, டேட்டா அழியாமயே மாத்தும், அப்படியும் பேக்கப் இல்லாம அதை தொடாதீங்க.

பயாஸ்னு சொன்னதும் ஒரு கதை சொல்லியே ஆகணும். தெரிஞ்சவங்க ஒருத்தரோட லேப்டாப், அப்கிரேட் பண்ணி குடுங்கன்னு குடுத்தாங்க, நானும் ரொம்ப தெரிஞ்ச மாதிரி முதல்ல பயாஸ் அப்டேட் பண்ணிடலாம்னு பண்ணேன். ரீஸ்டார்ட் ஆச்சு, நீல ஸ்க்ரீன், 48 இலக்க ரெக்கவரி கீ குடுங்குது. டிஸ்க் என்கிரிப்ட் (கீ இல்லாம படிக்க முடியாதபடி பூட்டுறது) ஆகியிருக்குன்னே அவங்களுக்கு தெரியாது, வாங்குனப்ப செட்டப் பண்ணும்போது தானா ஆயிருக்கு. கீ எங்க இருக்கும்னா, முதல்ல லாகின் பண்ண அக்கவுன்ட்ல இருக்கும். அந்த அக்கவுன்ட் யாரோடதுன்னா, அன்னைக்கு செட்டப் பண்ணி குடுத்த அவங்க அண்ணன் பையனோடது, அவன் பாஸ்வேர்டு மறந்துட்டான், அக்கவுன்ட்ல குடுத்திருந்த ஃபோன் நம்பர் இப்ப இல்ல. ரெண்டு நாள் ஆச்சு அந்த அக்கவுன்ட்டை மீட்டு கீயை எடுக்க. அந்த ரெண்டு நாளும் அவங்க ஒரு வார்த்தை திட்டல, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு. தப்பு முழுக்க என்னோடது, பயாஸ தொடுறதுக்கு முன்னாடி என்கிரிப்ஷன் ஆன்ல இருக்கான்னு பாத்திருக்கணும்.

ஏன் இப்படி கேக்குதுன்னா, டிபிஎம் சிப் மெஷின் பூட் ஆகுற விதத்தை அளந்து வச்சிருக்கும், பயாஸ் மாறுனா அளவும் மாறும், "இது நான் பாத்த மெஷின் இல்லையே"ன்னு கதவை சாத்திடும். அதனால பயாஸ் அப்டேட், அப்கிரேட் எதுவா இருந்தாலும் முதல்ல அந்த 48 இலக்கத்தை தேடி எடுத்து பேப்பர்ல எழுதி வைங்க, அதே லேப்டாப்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல சேவ் பண்ணி வச்சா பூட்டுக்குள்ள சாவிய வச்ச கதைதான். பிட்லாக்கரை (விண்டோஸோட என்கிரிப்ஷன் வசதி) தற்காலிகமா சஸ்பெண்ட் பண்ற ஆப்ஷன் இருந்தா அதையும் பண்ணிட்டு பயாஸ்ல கைய வைங்க. 24எச்2-லேர்ந்து புதுசா இன்ஸ்டால் பண்ணா நெறைய மெஷின்ல என்கிரிப்ஷன் தானா ஆன் ஆகுது, அதனால இது இனிமே எல்லாருக்கும் வர்ற விஷயம்.

பேக்கப். "அப்கிரேட்ல ஃபைல் போகாதுன்னுதானே சொல்றாங்க, அப்பறம் எதுக்கு பேக்கப்"னு கேப்பீங்க. பெரும்பாலும் போகாது, உண்மைதான். 2018 அக்டோபர் 2-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு 1809-னு ஒரு பெரிய அப்டேட் வந்துச்சு. சில பேர் சி டிரைவ்ல இடம் இல்லைன்னு டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை டி டிரைவ்க்கு மாத்தி விட்டிருப்பாங்கல்ல, அப்படி மாத்தும்போது பழைய இடத்துல கொஞ்சம் ஃபைல் தங்கிப்போயிருந்தா, இந்த அப்டேட் அந்தப் பழைய ஃபோல்டரை காலி ஃபோல்டர்னு நெனச்சு உள்ள இருந்ததோட சேத்து தூக்கிருச்சு. சில நாள்லயே நிறுத்திட்டாங்க, நவம்பர் 13-ஆம் தேதிதான் சரி பண்ணி திரும்ப விட்டாங்க. புகார் வந்தது பத்தாயிரத்துல ஒருத்தர் கணக்குலதான்னு மைக்ரோசாஃப்ட் சொல்லுச்சு. இதுல எனக்கு மறக்காத விஷயம் என்னன்னா, டெஸ்ட் பண்ணவங்கள்ல சில பேர் இதை முன்னாடியே ரிப்போர்ட் பண்ணியிருக்காங்க, ஆயிரக்கணக்கான ரிப்போர்ட்டுக்கு நடுவுல அது கண்ணுல படல, அதுக்கு அப்பறம்தான் ரிப்போர்ட்ல "இது எவ்ளோ சீரியஸ்"னு குறிக்கிற வசதியே சேத்தாங்க. அதனால "இவ்ளோ மாசம் பீட்டா டெஸ்ட் ஓடியிருக்கு, இதெல்லாம் பாக்காமயா இருப்பாங்க"ன்னு நம்பி இறங்காதீங்க.

கிளவுட்ல சிங்க் ஆகுறதை பேக்கப்னு நினைக்காதீங்க, இங்க அழிச்சா அங்கயும் அழியும், சில நாள் ரீசைக்கிள் பின்ல இருக்கும் அவ்வளவுதான். வெளி ஹார்டு டிஸ்க்ல ஒரு காப்பி, எடுத்து முடிச்சதும் கழட்டி வைங்க, நாலஞ்சு ஃபைலை தொறந்து பாத்துட்டு கழட்டுங்க. டாக்குமென்ட்ஸ், போட்டோ எல்லாரும் எடுப்பாங்க, விட்டுப்போறது வேற லிஸ்ட்: பிரவுசர்ல சேவ் ஆன பாஸ்வேர்டு, கேம் சேவ் (பாதி கேம் அதை ஆப்டேட்டாங்கற மறைஞ்சு கிடக்குற ஃபோல்டர்ல வைக்கும்), மெயில் சாஃப்ட்வேர் லோக்கலா வச்சிருக்க பழைய மெயில் ஃபைல், நீங்களா இறக்கி போட்ட ஃபான்ட், கணக்கு சாஃப்ட்வேரோட டேட்டா ஃபோல்டர், எஸ்எஸ்எச் கீ. லைசென்ஸ் கீ போட்ட சாஃப்ட்வேர் சிலது ரெண்டு மெஷினுக்குத்தான் அனுமதிக்கும், ஃபார்மேட் பண்றதா இருந்தா முன்னாடியே அதுல டீஆக்டிவேட் பண்ணிடணும், இல்லைன்னா புது விண்டோஸ்ல போட்டதும் "உங்க லிமிட் முடிஞ்சுது"ங்கும், அப்பறம் சப்போர்ட்டுக்கு மெயில் போட்டு காத்து கிடக்கணும்.

இதெல்லாத்தையும் விட எனக்கு பிடிச்ச வழி ஒண்ணு இருக்கு. புதுசா ஒரு எஸ்எஸ்டி வாங்கி, பழைய டிஸ்க்கை கழட்டி அலமாரில வச்சிட்டு, புது ஓஎஸ்ஸ புது எஸ்எஸ்டில போடுறது. பழைய டிஸ்க்ல ஒரு பைட் கூட மாறாது, ஏதாவது பிடிக்கலைன்னா நாலு ஸ்க்ரூ கழட்டி மாட்டுனா நேத்து இருந்த மாதிரியே ஓடும். ஹார்டு டிஸ்க்லேர்ந்து எஸ்எஸ்டிக்கு மாறுறவங்களுக்கு வேகமும் சேந்து வரும், "புது ஓஎஸ் போட்டதும் பறக்குது"ன்னு சொல்றவங்கள்ல பாதி பேருக்கு பறந்தது எஸ்எஸ்டிதான். ஸ்டோரேஜ் போர்டுலயே ஒட்டியிருக்க லேப்டாப்ல இது நடக்காது, அதையும் பாத்துக்கங்க, பழைய டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தா மேல சொன்ன கீ இங்கயும் வேணும்.

மேலயே போடுறதா, ஃபார்மேட்டா? அந்தக்காலத்துல விண்டோஸ் 98 மேல எக்ஸ்பி போட்டு பழகுனவங்க எல்லாரும் "ஃபார்மேட் பண்ணாம போடாத"ன்னு சொல்லுவாங்க, அப்ப அது சரி, பழைய ஃபைல் மேலயே புது ஃபைலை எழுதிகிட்டு போகும், குப்பை மேல குப்பை. விஸ்டாலேர்ந்து முறையே மாறிடுச்சு, புது விண்டோஸ ஒரு முழு இமேஜா தனியா விரிச்சு வச்சு, பழசை "விண்டோஸ் டாட் ஓல்டு"ங்கற ஃபோல்டருக்கு தள்ளிட்டு, உங்க ஆப், செட்டிங், ஃபைல் எல்லாத்தையும் புதுசுக்குள்ள கொண்டு வரும். அதனால நல்லா ஓடிகிட்டிருக்க மெஷினுக்கு மேலயே போடுறது தாராளமா போதும். ஏற்கனவே அடிக்கடி ஹேங் ஆகுது, வைரஸ் வந்து போயிருக்கு, கைமாத்தி வாங்குன மெஷின், இப்படி ஏதாவது இருந்தா ஃபார்மேட் பண்ணுங்க. அப்படி பண்ணும்போது வைஃபை டிரைவரை முன்னாடியே ஒரு பென்டிரைவ்ல இறக்கி வைங்க, விண்டோஸ் 11 ஹோம் செட்டப்லயே இன்டர்நெட் கேக்கும், வைஃபை டிரைவர் இல்லாம இன்டர்நெட் வராது, இன்டர்நெட் இல்லாம டிரைவர் வராது, அங்கயே நிப்பீங்க. புது இன்டெல் லேப்டாப் சிலதுல டிஸ்க்கே காட்டாது, "டிரைவ் எதுவும் இல்ல"ங்கும், டிஸ்க் செத்துப்போச்சுன்னு பயப்படாதீங்க, இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரை லோட் பண்ணா வந்துரும். என்னென்ன சாஃப்ட்வேர் வச்சிருந்தோம்னு ஞாபகம் இருக்காதுன்னா விங்கெட்ல (விண்டோஸ்ல சாஃப்ட்வேர் போடுற கமாண்டு) எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு லிஸ்ட் எடுத்து வச்சிகிட்டா புதுசுல இம்போர்ட் குடுத்து பெரும்பாலானதை ஒரே அடில போட்டுக்கலாம்.

டிரைவர் விஷயத்துல ஒரே ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11 64 பிட் மட்டும்தான். இதுவரைக்கும் 32 பிட் விண்டோஸ்ல இருந்தவங்க கவனிங்க, பழைய 32 பிட் சாஃப்ட்வேர் ஓடும், ஆனா டிரைவர் 64 பிட்டா இருந்தே ஆகணும், பத்து பதினஞ்சு வருஷ ஸ்கேனர் மாதிரி சாமானுக்கு அது வந்தே இருக்காது. டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம் எதுவும் ஓடாது. 32 பிட்லேர்ந்து மேலயே போடவும் முடியாது, ஃபார்மேட்தான் வழி.

போடுற அன்னைக்கு பெருசா ஒண்ணும் இல்ல. சார்ஜர் மாட்டியிருக்கணும், சி டிரைவ்ல 40 ஜிபியாவது காலியா இருக்கணும், தேவையில்லாத யூஎஸ்பி சாமான் எல்லாம் கழட்டிடுங்க, வேற கம்பெனி ஆன்டிவைரஸ் இருந்தா எடுத்துடுங்க. 70 சதவீதத்துல நின்னு அரை மணி நேரமா நகரலைன்னா கூட பவர் பட்டனை அமுக்காதீங்க, ஹார்டு டிஸ்க் மெஷின்ல அது ரெண்டு மூணு மணி நேரம் கூட எடுக்கும். பாதி வழில தானா பழசுக்கே திரும்பி வந்து சி1900101-னு ஆரம்பிக்கிற எரர் காட்டுனா அது பெரும்பாலும் டிரைவர் தகராறுதான், கிராஃபிக்ஸ், வைஃபை, ஸ்டோரேஜ் டிரைவர் மூணையும் லேப்டாப் கம்பெனி சைட்லேர்ந்து புதுசு போட்டுட்டு திரும்ப முயற்சி பண்ணுங்க.

போட்டு முடிச்சதும் ஃபேன் கத்தும், மெஷின் இழுக்கும், உடனே "புதுசு ஸ்லோ"ன்னு முடிவு கட்டிடாதீங்க. எல்லா ஃபைலையும் திரும்ப இன்டெக்ஸ் பண்ணும், அப்டேட் இறக்கும், மேக்ல போட்டோவையும் திரும்ப அலசும், ஒரு ராத்திரி ஆன்லயே விட்டுட்டு அடுத்த நாள் பாருங்க. ஆனா ரொம்ப நாளும் விடாதீங்க, விண்டோஸ்ல பழசுக்கு திரும்புற பட்டன் 10 நாளுக்குத்தான் இருக்கும், அதுக்கு அப்பறம் பழைய ஃபோல்டரை தானா அழிச்சிடும். இடம் அடைக்குதேன்னு டிஸ்க் கிளீனப் போட்டு நீங்களே முத நாளே அழிச்சிடாதீங்க, நெறைய பேர் பண்றது இது. 10 நாள் பத்தாதுன்னு தோணுனா டிஸ்ம்ங்கற கமாண்டு மூலமா 60 நாள் வரைக்கும் நீட்டிக்கலாம், ஆனா அந்த 10 நாள் முடியறதுக்குள்ள பண்ணணும். திரும்பிப் போனா உங்க ஃபைல் இருக்கும், அப்கிரேடுக்கு அப்பறம் போட்ட ஆப், டிரைவர், மாத்துன செட்டிங் போயிடும். அதனால முத வாரத்துலயே எல்லாத்தையும் தொட்டுப் பாருங்க: ஒரு பேப்பர் பிரின்ட் எடுங்க, ஸ்கேன் பண்ணுங்க, வீடியோ கால்ல மைக் கேக்குதான்னு பாருங்க, ரெண்டாவது மானிட்டர், புளூடூத், ஆபீஸ் விபிஎன், தமிழ் கீபோர்டு. லேப்டாப்ப மூடி தூங்க வச்சு அரை மணி கழிச்சு தொறந்து பாருங்க, புது ஓஎஸ்ல முதல்ல கெட்டுப்போறது பெரும்பாலும் இந்த தூக்கம்தான், பைக்குள்ள வச்சு எடுத்தா சூடா இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் தொடுற சாஃப்ட்வேர் இருந்தா அதையும் இப்பவே தொறந்து பாருங்க, வரி கட்டுற கடைசி நாள் அன்னைக்கு தொறந்து பாத்துட்டு ஓடலைன்னா அந்த 10 நாள் எப்பவோ போயிருக்கும்.

ஆபீஸ் குடுத்த லேப்டாப்னா இது எதுவுமே உங்க வேலை இல்ல, ஐடி ஆளுங்க சொல்றப்ப பண்ணுங்க.

உபுண்டு மாதிரி லினக்ஸ்ல இருக்கவங்களுக்கு ரெண்டு வார்த்தை. அப்கிரேட் ஆரம்பிக்கும்போது நீங்க வெளிலேர்ந்து சேத்த பிபிஏ (சாஃப்ட்வேர் இறக்குற தனி இடம்) எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடும், முடிஞ்சதும் ஒவ்வொண்ணா பாத்து ஆன் பண்ணணும், பழைய வெர்ஷனுக்கான பிபிஏவை அப்படியே ஆன் பண்ணா பேக்கேஜ் சண்டை வரும். நடுவுல "இந்த கான்ஃபிக் ஃபைலை வச்சுக்கவா மாத்தவா"ன்னு கேக்கும், நீங்களா மாத்துன ஃபைலா இருந்தா வச்சுக்கோன்னு குடுங்க. முன்னாடியே டைம்ஷிஃப்ட்ங்கற டூல்ல ஒரு ஸ்னாப்ஷாட் (திரும்பி வர ஒரு நகல்) எடுத்துடுங்க. எல்டிஎஸ்ல இருந்தா அஞ்சு வருஷம் பேட்ச் வரும், நடுவுல வர்ற வெர்ஷனுக்கு 9 மாசம்தான், வேலை பாக்குற மெஷின்ல நடுவெர்ஷன் போட்டுட்டு வருஷத்துக்கு ரெண்டு தடவை இதே கூத்து பண்ண எனக்கு பொறுமை இல்ல.

கடைசியா, மெஷின் பழசு, சிபியு லிஸ்ட்ல இல்ல, விண்டோஸ் 10-லயே இருக்கேன்னா: வீட்டு யூசருக்கு பதிவு பண்ணிகிட்டா 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி பேட்ச் தர்றதா மைக்ரோசாஃப்ட் அறிவிச்சிருக்கு, அதுக்குள்ள முடிவு எடுங்க. ரூஃபஸ் மாதிரி டூல் வச்சு செக்கை தாண்டி விண்டோஸ் 11 போடுறவங்க இருக்காங்க, ஓடுது, ஆனா அப்டேட் வரும்னு மைக்ரோசாஃப்ட் உறுதி தரல, வருஷாவருஷம் வர்ற பெரிய வெர்ஷனை ஒவ்வொரு தடவையும் கையால போட வேண்டி வரலாம். 24எச்2-லேர்ந்து எஸ்எஸ்இ4.2 (சிபியு புரிஞ்சுக்கற ஒரு கட்டளைத் தொகுப்பு) இல்லாத சிபியுல பூட்டே ஆகாது, கோர் 2 டுவோ காலத்து மெஷின் எல்லாம் அதோட முடிஞ்சுது. பேங்க் வேலை பாக்குற மெஷின்ல நான் அந்த வழிக்கு போக மாட்டேன். பிரவுசர், மெயில், வீடியோ, கொஞ்சம் டைப்பிங் இதுதான் வேலைன்னா லினக்ஸ் மின்ட்டை பென்டிரைவ்ல போட்டு, இன்ஸ்டால் பண்ணாம அப்படியே பூட் பண்ணி ஒரு சாயங்காலம் ஓட்டிப் பாருங்க, வைஃபை புடிக்குதா, சவுண்டு வருதா, மூடித் தொறந்தா எழுந்திருக்குதான்னு. மூணும் சரியா இருந்தா அந்த மெஷினுக்கு இன்னும் சில வருஷம் ஆயுசு இருக்கு, வைஃபை புடிக்கலைன்னா சின்னதா ஒரு யூஎஸ்பி வைஃபை மாட்டிப் பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க.